ஒரே ஷீட், பன்னிரண்டு பேர்: யார் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: நாங்கள் ஒரு சிறு அறக்கட்டளை நடத்துகிறோம். கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 200 பேருக்குப் படிப்பு உதவித்தொகை கொடுக்கிறோம். பன்னிரண்டு தன்னார்வலர்கள் தங்களுக்கு ஒதுக்கிய குடும்பங்களை மாதம் ஒருமுறை போனில் கூப்பிட்டுப் பேசி, ஒரே கூகுள் ஷீட்டில் குறிப்பு எழுதுகிறார்கள். மதிப்பெண், தந்தையின் வருமானம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் அதே ஷீட்டில்தான் இருக்கின்றன. வங்கி விவரம் உள்ள டேப்பை மறைத்து, புரொடெக்‌ஷனும் போட்டிருக்கிறோம். போன மாதம் ஒரு தன்னார்வலர், தனக்கு ஒதுக்காத ஒரு பெண் பிள்ளையின் வீட்டு விஷயத்தைக் குறிப்பில் படித்துவிட்டு, அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அது சுற்றி வந்து அந்தத் தாயின் காதிலேயே விழுந்துவிட்டது. அவர் அழுதுகொண்டே போன் செய்தார். இனி ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளைகளின் விவரத்தை மட்டும் பார்க்க வேண்டும். வங்கி விவரம் பொருளாளருக்கு மட்டும் தெரிய வேண்டும். நன்கொடையாளர்களுக்கு முன்னேற்றம் மட்டும் தெரிந்தால் போதும். கூகுள் ஷீட்ஸிலேயே இதைச் செய்ய முடியுமா, ஏர்டேபிள் மாதிரி வேறு ஒன்றுக்கு மாற வேண்டுமா? காசு வாங்காமல் வேலை செய்கிறவர்களிடம் பூட்டுப் போட்டால் மனம் நோகாதா என்ற தயக்கமும் இருக்கிறது.

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் வங்கி டேப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மறைந்திருக்கிறதே தவிர, பத்திரமாக இல்லை. உங்கள் தன்னார்வலர்கள் எல்லோரும் அந்தக் கோப்பில் எடிட்டர்கள். அவர்களில் யாராவது வேறொரு டேப்பின் காலிக் கட்டத்தில் ஒரு சமக்குறி போட்டு, மறைந்திருக்கும் டேப்பின் பெயரை எழுதினால், அதிலுள்ளது அப்படியே வந்து நிற்கும். அதுகூட வேண்டாம். ஃபைல் மெனுவில் ‘மேக் எ காப்பி’ கொடுத்தால் போதும். நகலுக்கு அவரே சொந்தக்காரர். மறைத்த டேப்பைத் திறக்கலாம், புரொடெக்‌ஷனை எடுத்துவிடலாம், உங்களுக்கு ஒரு தகவலும் வராது. வியூவராக மட்டும் சேர்த்தவரும், நகலெடுப்பதை நீங்கள் தனியாகத் தடுக்காதவரை, இதைச் செய்யலாம்.

இது கூகுளின் குறை இல்லை. புரொடெக்‌ஷன் என்பது ஒருவர் கை தவறி இன்னொருவரின் எண்ணை அழித்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதைப் பாதுகாப்பு அரணாக நம்ப வேண்டாம் என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. ஃபில்டர் வியூவும் அப்படித்தான். கண்ணுக்கு வசதி, அவ்வளவுதான். ஜன்னலுக்குத் திரை போடுவதற்கும் கதவைப் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. நாம் திரையைப் போட்டுவிட்டுப் பூட்டியதாக நினைத்துக்கொள்கிறோம்.

மறைத்த டேப் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வந்த ஒரு கேள்விக்கு எக்செல் கோப்பு ஒன்றைப் பதிலாகக் கொடுத்தது. எந்தப் பதவியில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஆனால் கோப்புக்குள் மறைந்திருந்த இன்னொரு டேப்பில் பணியிலிருந்த 9,483 பேரின் குடும்பப் பெயர், தலைப்பெழுத்து, பொறுப்பு எல்லாம் இருந்தன. கோப்பு சில மணி நேரம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. அங்கே தான் காவலர் என்பதை அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமலே வாழ்கிறவர்கள் ஏராளம். உயிர்ப் பயம் காரணம். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தக் காவல்துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அந்தக் கோப்பில் யாரும் ஊடுருவவில்லை, கடவுச்சொல் எதுவும் திருடு போகவில்லை.

ஆகவே கூகுள் ஷீட்ஸில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அங்கே அனுமதி கோப்புக்குத்தான், டேப்புக்கோ வரிசைக்கோ அல்ல. கோப்புக்குள் வந்தவர் கோப்பு முழுவதையும் பார்க்கக்கூடியவர் என்றே கணக்கில் கொள்ளுங்கள். ஒருவர் பார்க்கக் கூடாதது, அவர் நுழையும் கோப்பில் இருக்கவே கூடாது. நீங்கள் கேட்டதை ஷீட்ஸிலேயே செய்யலாம், ஆனால் ஒரே கோப்பில் செய்ய முடியாது.

பலரும் இந்த இடத்தில் இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலாவைப் பிடித்துக்கொள்வார்கள். தாய்க் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, தன்னார்வலருக்கு ஒரு கோப்பைத் திறந்து, அதில் அவருடைய பிள்ளைகளின் வரிசைகள் மட்டும் தாய்க் கோப்பிலிருந்து வந்து விழுமாறு எழுதுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்த ஃபார்முலா முதல்முறை ‘அனுமதிக்கவா’ என்று கேட்டு நீங்கள் சரி சொன்னதும், இரண்டு கோப்புகளுக்கும் நடுவே நிரந்தரமாக ஒரு வழி திறந்துவிடுகிறது. அதன்பின் தன்னார்வலரின் கோப்பில் எடிட்டராக இருக்கும் யாரும், ஃபார்முலாவில் டேப்பின் பெயரை மட்டும் மாற்றி, தாய்க் கோப்பின் எந்த மூலையையும் இழுத்துக்கொள்ளலாம். அந்த வழியைத் திறந்துவிட்டவரைத் தாய்க் கோப்பிலிருந்து நீக்கும்வரை அது மூடாது. திறந்துவிட்டவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அதனால் திசையைத் திருப்புங்கள். தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுக் கோப்பு. அதில் அவருடைய பிள்ளைகளின் பதிவு எண், பெயர், வகுப்பு, பேச வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை ஃபார்முலாவாக இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கட்டும். ‘பேஸ்ட் வேல்யூஸ் ஒன்லி’ என்று தேர்ந்தெடுத்தால் அப்படி ஒட்டும். மாதக் குறிப்பை அவர் அதிலேயே எழுதுவார். உங்கள் தாய்க் கோப்பு அந்தப் பன்னிரண்டு கோப்புகளிலிருந்தும் இம்போர்ட்ரேஞ்ச் மூலம் குறிப்புகளை இழுத்துக்கொள்ளும். இப்போது தாய்க் கோப்பிலிருந்து தன்னார்வலரின் கோப்பை எட்டிப் பார்க்கலாம். அங்கிருந்து இங்கே பார்க்க வழியில்லை. தாய்க் கோப்பில் உங்களையும் இன்னொரு பொறுப்பாளரையும் தவிர யாரையும் சேர்க்காதீர்கள்.

நான் மேலே குறை சொன்ன புரொடெக்‌ஷன் இங்கேதான் உண்மையாகவே உதவும். ஒரு தன்னார்வலர் தன் கோப்பின் நடுவே ஒரு நெடுவரிசையைச் செருகிவிட்டால், தாய்க் கோப்பில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் போன் எண் வந்து உட்காரும். தலைப்பு வரிசைக்கும் பதிவு எண், பெயருக்கும் புரொடெக்‌ஷன் போடுங்கள். குறிப்பு எழுதும் இடத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

வங்கி விவரம் மூன்றாவது வகைக் கோப்பு. அதில் பதிவு எண், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, கொடுத்த தொகை, தேதி. பிள்ளையின் பெயர்கூட அதில் தேவையில்லை. கணக்கு பெரும்பாலும் தாய் பெயரிலோ தந்தை பெயரிலோதானே இருக்கும், அந்தப் பெயர் போதும். அதைப் பொருளாளரும் நீங்களும் மட்டும் பாருங்கள். இந்தக் கோப்பைத் தாய்க் கோப்போடு எந்த ஃபார்முலாவாலும் இணைக்காதீர்கள். ‘இவருக்குப் பணம் போய்விட்டதா’ என்று தாய்க் கோப்பில் தெரிய வேண்டுமானால், பொருளாளர் மாதம் ஒருமுறை சொல்லட்டும், நீங்கள் அங்கே ‘ஆம்’ என்று தட்டுங்கள்.

ஆதார் எண்ணை எதற்காக வைத்திருக்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். பணம் அனுப்பக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும். விண்ணப்பத்தில் அடையாளம் சரிபார்த்தாகிவிட்டது என்றால், ‘சரிபார்த்தோம், இந்தத் தேதியில்’ என்ற குறிப்பு போதும். நகல் வேண்டியே ஆக வேண்டும் என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். யார் பார்க்கலாம் என்று திட்டம் போடுவதைவிட, இல்லாமல் செய்வது எப்போதும் சுலபம்.

ஒரு எச்சரிக்கை. இப்போதிருக்கும் பொதுக் கோப்பிலேயே உட்கார்ந்து வங்கி டேப்பை அழித்துவிட்டு, ‘சுத்தமாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள். எடிட்டர்கள் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’க்குப் போனால் அழிப்பதற்கு முந்தைய நிலையைத் திறந்து பார்க்கலாம். புதிதாகக் கோப்புகளைத் தொடங்கி, தேவையானதை மட்டும் அவற்றில் ஒட்டுங்கள். பழைய கோப்பின் பகிர்வை முழுக்க நீக்குங்கள். எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்தபின், நீங்களும் அதை வைத்திருக்கத் தேவையில்லை என்றால் குப்பைத்தொட்டிக்கு அனுப்பி, அங்கிருந்தும் அழித்துவிடுங்கள்.

பகிரும்போது மூன்று இடத்தில் கால் வழுக்கும். பன்னிரண்டு கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஃபோல்டரைப் பகிர்ந்தால், எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கோப்பு கோப்பாகப் பகிருங்கள். ‘லிங்க் வைத்திருக்கும் யாரும்’ என்ற நிலையில் விட்டால் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை விழுந்த லிங்க் எங்கெல்லாமோ போகும். ஜிமெயில் முகவரி குறிப்பிட்டே பகிருங்கள். பகிர்வுப் பெட்டியின் மேலே பல்சக்கரப் படம் ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் ‘எடிட்டர்கள் மற்றவர்களோடு பகிரலாம்’ என்பதற்கு எதிரே ஒரு டிக் தெரியும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி, உங்களைக் கலங்கவைத்த அந்தச் சம்பவம். கோப்பைப் பிரிப்பது பாதித் தீர்வுதான். அந்தக் குறிப்பில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது; ஆனால் இப்படிப்பட்ட ஷீட்டுகளில் வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரியும். ‘அப்பா குடிக்கிறார், அம்மாவை அடிக்கிறார், அக்கா வீட்டை விட்டுப் போய்விட்டாள்.’ எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அறக்கட்டளை அந்தப் பிள்ளைக்குச் செய்யப்போகும் உதவிக்கு இதில் எது தேவை? ‘மாலையில் வீட்டில் படிக்க முடியவில்லை, பள்ளியிலேயே ஏழு மணி வரை இருக்க ஏற்பாடு வேண்டும்’ என்று எழுதினால் செய்ய வேண்டிய வேலை தெரிகிறது, குடும்பத்தின் மானமும் காப்பாற்றப்படுகிறது. அடி உதை, பாலியல் தொந்தரவு போன்ற உண்மையான ஆபத்து என்றால் அதை ஷீட்டிலேயே எழுதக் கூடாது. நேரே உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்; அங்கிருந்து 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போக வேண்டும். குறிப்பு எழுதும் கட்டத்துக்கு மேலே ஒரு வரி போட்டுவையுங்கள்: ‘அந்தத் தாய் இதைப் படித்தால் வருந்தாத அளவுக்கு எழுதவும்.’ நான் சொல்லும் தொழில்நுட்ப ஏற்பாடுகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி அதிகம் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

நன்கொடையாளர்கள் விஷயம் எளிது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அவர்களுக்கு எந்த ஷீட்டின் லிங்கும் கொடுக்காதீர்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடிஎஃப் அறிக்கை போதும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்போம். ‘எட்டாம் வகுப்பு மாணவி, தந்தை இல்லை, இந்தக் கிராமம்’ என்று போட்டால், அந்த ஊரில் உங்கள் உதவி பெறும் பிள்ளைகள் மூன்றே பேர் என்கிறபோது, ஊர்க்காரர் ஒரு நொடியில் ஆளைச் சொல்லிவிடுவார். உங்கள் நன்கொடையாளர்களில் பலர் அதே ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களாக இருக்கலாம். ஊர்வாரியாக வேண்டாம்; ஒன்றியம் அல்லது மாவட்டம் அளவில் கூட்டிக் கொடுங்கள். ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் கீழே எண்ணிக்கை வந்தால் அதைத் தனியாகக் காட்டாதீர்கள்.

ஏர்டேபிளுக்கு மாறினால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா என்று கேட்டீர்கள். பழைய பழக்கத்தோடு போனால் தீராது. ஏர்டேபிளில் ஒருவரை ஒரு ‘பேஸு’க்குள் சேர்த்தால், படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தாலும், அதிலுள்ள எல்லா டேபிளையும் அவர் பார்ப்பார். வியூவில் நெடுவரிசையை மறைப்பதும் வியூவைப் பூட்டுவதும் இங்கேயும் திரைதான். அங்கே சரியான வழி, ஆட்களைப் பேஸுக்குள் விடாமல் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற முகப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்து, உள்நுழைந்தவர் யாரோ அவருடைய பதிவுகள் மட்டும் தெரியுமாறு வடிகட்டுவது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கட்டணத் திட்டங்களில் தொகுக்கும் உரிமை உள்ளவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்குவார்கள். பன்னிரண்டு தன்னார்வலர்களுக்காக டாலரில் கட்டும் பணத்தில் இன்னும் சில பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம். உங்கள் அளவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தன்னார்வலர் எண்ணிக்கை முப்பது நாற்பதைத் தொட்டால், கோப்பு கோப்பாகப் பார்த்துக்கொள்வது கையைக் கடிக்கும். அப்போது கூகுளின் ஆப்ஷீட்டைப் பாருங்கள். 2020இல் கூகுள் வாங்கிய நிறுவனம் அது. உங்கள் ஷீட்டையே அடித்தளமாக வைத்து ஒரு மொபைல் செயலி செய்து கொடுக்கும். தன்னார்வலருக்கு ஷீட்டில் நேரடி அனுமதி தேவையில்லை. அதில் ‘செக்யூரிட்டி ஃபில்டர்’ என்று ஒன்று உண்டு. உள்நுழைந்தவரின் மின்னஞ்சலும், பிள்ளையின் வரிசையில் எழுதியிருக்கும் தன்னார்வலர் மின்னஞ்சலும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வரிசையை அவர் போனுக்கே அனுப்பும். ‘ஸ்லைஸ்’ என்ற இன்னொரு வசதியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்; அது வெறும் தோற்றத்துக்கு, தரவு போனுக்குள் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. செக்யூரிட்டி ஃபில்டர் வரிசைகளைத்தான் தடுக்கும், நெடுவரிசைகளை அல்ல. எனவே ஆப்ஷீட் வந்தாலும் வங்கி விவரம் தனிக் கோப்பில்தான் இருக்க வேண்டும். செயலிக்குள் வர உள்நுழைவு கட்டாயம் என்ற அமைப்பும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் யார் வந்தார் என்றே அதற்குத் தெரியாது.

எந்தக் கருவியானாலும், கொடுத்திருக்கும் பூட்டைப் போட்டோமா என்று பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான சறுக்கல். 2021இல் மைக்ரோசாப்டின் பவர் ஆப்ஸ் தளத்தில் செய்த பல நிறுவன, அரசுப் பக்கங்களிலிருந்து 3.8 கோடி பதிவுகள் யாரும் எடுக்கும்படி திறந்து கிடந்ததை அப்கார்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. டேபிளுக்கான அனுமதி என்ற அமைப்பு அங்கே இருந்தது. அதை இயக்கவில்லை, அவ்வளவுதான். பின்னாளில் யாராவது பொறியாளர் உங்களுக்காக போஸ்ட்கிரஸ் மாதிரி முழுத் தரவுத்தளமே அமைத்துக் கொடுப்பதாகச் சொன்னால், ‘ரோ லெவல் செக்யூரிட்டி போட்டிருக்கிறீர்களா’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி அது, 2016 முதல் போஸ்ட்கிரஸில் உண்டு. முகம் மாறினால் பதிலைப் புரிந்துகொள்ளுங்கள்.

பிரித்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். வீட்டில் யாருடைய ஜிமெயிலையாவது தன்னார்வலர் கோப்பு ஒன்றில் சேர்த்து, இன்காக்னிட்டோ ஜன்னலில் அந்தக் கணக்கில் நுழையுங்கள். நகலெடுங்கள். மறைந்த டேப் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புகளைத் திறந்து பாருங்கள். கண்ட்ரோல் எஃப் அடித்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு வங்கிக் கணக்கு எண்ணைத் தேடுங்கள். எதிலும் அகப்படவில்லை என்றால் சோதனைக் கணக்கை நீக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கடைசியாக உங்கள் தயக்கம். தன்னார்வலர்கள் மனம் நோகுமா? ரகசியமாகப் பூட்டினால் நோகும். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னால் நோகாது. இப்போதைய ஏற்பாட்டில் ஒரு செய்தி கசிந்தால் பன்னிரண்டு பேர் மீதும் சந்தேகம் விழும். பிரித்துவிட்டால் பதினொரு பேர் ‘அந்தக் குடும்பத்தின் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் என்பது கணினித் துறையில் பழைய விதி. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975இலேயே எழுதிவைத்தது. நீங்களும் அந்த விதிக்கு உட்பட்டவர்தான் என்று காட்டுங்கள்: எந்தக் கோப்பில் யார் யார் என்ற பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். யாராவது விலகினால் அன்றைக்கே அவர் பெயரை நீக்குங்கள். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு கூகுள் தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதில் விண்ணப்பித்தால் அறக்கட்டளைப் பெயரிலேயே மின்னஞ்சல் கணக்குகள் இலவசமாகக் கிடைக்கும். விலகுகிறவரின் கணக்கை நிறுத்தினால் அந்தக் கணக்கின் வழியாக அவருக்கிருந்த அனுமதியெல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடும்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. தக்க பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. உங்கள் விண்ணப்பப் படிவத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சம்மத வாசகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

புதுக் கோப்புகளைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்ததும் பழைய கோப்பின் பகிர்வை நிறுத்துங்கள். இந்த மாதக் குறிப்புகளைத் தன்னார்வலர்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தாயை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.